வேர்டில் 96, அச்சகத்தில் 99: ஒரு நூலக மலரின் பக்கங்கள் நகர்ந்த நிகழ்வு ஆய்வு

அச்சகத்து அண்ணாச்சி போன் செய்தபோது நான் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "தம்பி, உள்ளடக்கம் ஒண்ணு சொல்லுது, உள்ளே பக்கம் வேற ஒண்ணு சொல்லுது. பிளேட் போடறதுக்கு முன்னால ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." தக்கலை வழியாக நாகர்கோவில் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அந்த மலரின் 96 பக்கங்களையும் என் லேப்டாப்பில் மூன்று தடவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருந்தேன். என்ன தவறியிருக்கும் என்று வழி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

வேலை இதுதான். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு ஆண்டுவிழா மலர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொகுத்தார். தட்டச்சும் பக்க அமைப்பும் என் பொறுப்பு. டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். 22 கட்டுரைகள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது பற்றி ஒன்று, பேச்சிப்பாறை அணை பற்றி ஒன்று, மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி ஒன்று, அப்புறம் ஊர்க்காரர்களின் நினைவுகள். ஒரு தாளில் சேர்த்து அச்சடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 96 பக்கத்துக்கு ஆறு ஃபாரம். அச்சகம் அந்தக் கணக்கில்தான் விலை சொல்லியிருந்தது. 97 ஆனாலே இன்னொரு கால் ஃபாரம் ஓட்ட வேண்டும். தாள், பிளேட், கூலி எல்லாம் ஏறும். நூலகத்துக்காக வீடுவீடாகப் போய்த் திரட்டிய பணம் அது.

அச்சகக் கணினியில் கோப்பைத் திறந்து காட்டினார்கள். கீழே மூலையில் 99 பக்கம் என்றிருந்தது. உள்ளடக்கத்தை நான் கையால் தட்டியிருந்தேன். முதல் ஆறு கட்டுரைகளுக்குப் பக்க எண் சரி. ஏழாவதிலிருந்து ஒன்று தள்ளியிருந்தது, பதினான்காவதிலிருந்து இரண்டு, கடைசி நான்கு கட்டுரைகளுக்கு மூன்று. 22இல் 16 எண்கள் தப்பு. மாத்தூர் கட்டுரை முடிந்த இடத்தில் ஒரு புதுப் பக்கம் பிறந்து, அதன் தலையில் இரண்டே வரி நின்றது. மீதி வெற்றுத் தாள்.

ஒரே கோப்பு. ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை.

வேர்டு எதைச் சேமிக்கிறது

இதை முன்பே தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தால் அந்தப் பஸ் பயணமே வேண்டியிருந்திருக்காது. வேர்டு கோப்பில் பக்கம் கிடையாது. எழுத்து இருக்கிறது, இந்தப் பத்திக்கு இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்த ஓரம் என்ற குறிப்புகள் இருக்கின்றன. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், திறக்கிற கணினியில் உள்ள எழுத்துருவையும் பிரிண்டரையும் வேர்டின் பதிப்பையும் வைத்து வரிகளும் பக்கங்களும் புதிதாகப் பிரிக்கப்படுகின்றன. என் லேப்டாப்பில் நான் பார்த்த 96 பக்கம் பொய்யில்லை. ஆனால் அது என் லேப்டாப்பின் கணக்கு. நாகர்கோவிலில் அதே பாடத்துக்கு இன்னொரு கணினி தன் கணக்கைப் போட்டது.

திரையில் தெரிவதே தாளில் வரவேண்டும் என்ற ஆசைக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1974இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் உருவாக்கிய பிராவோ என்ற நிரல்தான் அதன் தொடக்கம். அது ஓடிய ஆல்டோ கணினியின் திரையே ஒரு தாளைப் போல நெட்டையாக நின்றது: 606 புள்ளி அகலம், 808 புள்ளி உயரம். சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1983இல் வேர்டு வந்தது. 1984இல் வந்த மேகிண்டாஷில் திரைக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி, அதற்கென்று வந்த இமேஜ்ரைட்டர் பிரிண்டருக்கு அதைப்போல இரு மடங்கு, 144. ஒரே வீட்டார் திரையையும் பிரிண்டரையும் சேர்த்துச் செய்ததால் கணக்கு நேராகப் பொருந்தியது. நம் கைக்கு வரும்போது லேப்டாப் ஒரு கம்பெனி, பிரிண்டர் ஒரு கம்பெனி, எழுத்துரு யாரோ இலவசமாகத் தந்தது, அச்சகக் கணினி பத்து வருடப் பழசு. பொருந்தினால்தான் ஆச்சரியம்.

முதல் சோதனை: எழுத்துரு

அச்சகத்தில் பக்கம் அமைக்கிற அக்கா பொறுமைசாலி. "என்ன வேணுமோ பண்ணிப் பாருங்க, மதியம் வரை மெஷின் சும்மாதான் கிடக்கு" என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தார். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்க எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டேன். இரண்டை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

எழுத்துருப் பெட்டியில் நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. அதனால் எழுத்துரு இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 'ழ'வின் வால் இடிக்கவே செய்தது. என் எழுத்துருவில் அந்த வால் உள்ளே மடங்கி முடியும். இங்கே நேராகக் கீழே இறங்கியது. விண்டோஸின் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்த்தால், என் எழுத்துரு அந்தக் கணினியிலேயே இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேர்டு இன்னொன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். பெட்டியில் மட்டும் பழைய பெயரையே காட்டும். பத்து வருடமாக வேர்டில் வேலை செய்கிற நான் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

சரி, எழுத்துரு மாறினால் என்ன ஆகும்? ஸ்கேலை எடுத்தேன். என் வீட்டு பிரிண்டரில் எடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்த பக்கத்தில் முதல் வரியின் அடியிலிருந்து 30ஆம் வரியின் அடி வரை 16.4 செ.மீ. அச்சகத்தில் எடுத்த பக்கத்தில் அதே அளவு 17 செ.மீ. இடையில் 29 வரி இடைவெளி. வித்தியாசம் 6 மி.மீ. அப்படியானால் ஒரு வரிக்கு 0.2 மி.மீ. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் என் பக்கத்தில் 31 வரி பிடித்தது, அங்கே 30தான். பக்கத்துக்கு ஒரு வரி வெளியே தள்ளினால் 90 பக்கத்துக்கு 90 வரி. கணக்குப்படி அது மூன்று பக்கம் வரை போகும்.

வரி இடைவெளியை நான் 'சிங்கிள்' என்று விட்டிருந்தேன். சிங்கிள் என்பதற்கு நிலையான அளவு கிடையாது. எழுத்துருவைச் செய்தவர் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று உள்ளே எழுதி வைத்ததுதான் அளவு. தமிழில் இது எழுத்துருவுக்கு எழுத்துரு நிறைய மாறும். 'கி'யின் மேல்விலங்குக்கு மேலே இடம் வேண்டும், 'கூ', 'ழு' போன்றவற்றுக்குக் கீழே இடம் வேண்டும். எவ்வளவு விடுவது என்பது செய்தவரின் முடிவு. விண்டோஸே எக்ஸ்பி காலத்தில் லதாவைத் தந்தது, 7இல் விஜயாவையும் சேர்த்தது, 8இல் நிர்மலாவைக் கொண்டுவந்தது. மூன்றுக்கும் அகலமும் உயரமும் வேறுவேறு.

அண்ணாச்சி பின்னாலிருந்து சொன்னார்: "பாமினியில அடிச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல தம்பி." பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு; நான் அடித்த யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் யூனிகோடுக்காக வாதாடுகிற நானே இதை யோசித்ததில்லை. பாமினி இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யாராக இருந்தாலும் முதல் நொடியிலேயே "எழுத்துரு இல்லை" என்று கத்திவிடுவார்கள். யூனிகோடில் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் தமிழாகவே தெரியும், படிக்கவும் வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தவறு சத்தமில்லாமல் உள்ளே போய் 57ஆம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதற்காக யூனிகோடை விட்டுப் பாமினிக்குப் போகச் சொல்ல மாட்டேன். நாளைக்கு இந்தக் கட்டுரைகளை ஒருவர் தேடி எடுக்க வேண்டும் என்றால் யூனிகோடுதான் வழி. ஆனால் கோப்போடு எழுத்துருவையும் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது இனி என் கடமை.

அக்காவின் கணினியில் எழுத்துருவை நிறுவினோம். 99 என்பது 97 ஆனது.

இரண்டாவது சோதனை: மீதி ஒரு பக்கம்

அந்த 97ஆவது பக்கம்தான் என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தது. எழுத்துரு இப்போது ஒன்றே. தாள் அளவு ஒன்றே. ஓரங்கள் ஒன்றே. வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். 56 பக்கங்கள் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. மாத்தூர் கட்டுரை ஆரம்பித்து மூன்றாம் பத்தியில் பிரிந்தது.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டப்பட்டது; பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகிறது. மலரைத் தொகுத்த தலைமையாசிரியர் சார் அதை எழுதும்போது "கட்டிமுடிக்கப்பட்டதிலிருந்து" என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தார். என் லேப்டாப்பில் அந்தச் சொல் வரியின் கடைசியில் மயிரிழையில் பொருந்தியது. இங்கே பொருந்தவில்லை, முழுச் சொல்லும் அடுத்த வரிக்குக் குதித்தது. அதனால் பத்தி ஒரு வரி நீண்டது. கட்டுரையின் கடைசி வரி பக்கத்தின் கடைசி வரியாக இருந்ததால் வெளியே விழுந்தது. பத்தியின் ஒற்றை வரியைப் பக்கத் தலையில் தனியாக விடக் கூடாது என்று வேர்டுக்கு ஒரு விதி உண்டு. அதனால் துணைக்கு இன்னொரு வரியையும் இழுத்துக்கொண்டு போனது. காலையில் நான் பார்த்த அந்த இரண்டு வரி இப்படி வந்ததுதான்; எழுத்துருவைச் சரிசெய்த பிறகும் அப்படியே நின்றது.

தமிழுக்கு இந்தச் சிக்கல் கூடுதல் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் ஐந்தாறு எழுத்து போகும். நம் சொற்களில் வேற்றுமையும் காலமும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு நீள்கின்றன. 10 செ.மீ. வரியில் மூன்றே சொற்கள் நிற்பதும் உண்டு. அதில் ஒன்று குதித்தால் வரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான் வைத்திருந்த வேர்டில் தமிழ்ச் சொல்லை இடையில் ஒடிக்கும் வசதியும் இல்லை. திரைக்கும் தாளுக்கும் இடையே மிகச் சிறிய அளவுப் பிசகு ஏற்பட்டாலும் தமிழில் அது ஒரு முழு வரியாக வெடிக்கும்.

அந்தச் சிறிய பிசகு எங்கிருந்து வந்தது? அந்தக் கணினியில் வேர்டு 2007. அதற்காக நான் பழைய டாக் வடிவில் சேமித்துக் கொடுத்திருந்தேன். டீஃபால்ட் பிரிண்டராக அச்சகத்தின் பழைய லேசர் பிரிண்டர் இருந்தது. அதை மாற்றி, பிடிஎஃப் எடுக்கும் மெய்நிகர் பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கிவிட்டுக் கோப்பை மூடித் திறந்தேன். 96. மறுபடி லேசரை வைத்தேன். 97. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான். ஒரு பக்கத்தைக்கூட அச்சிடவில்லை. பிரிண்டரின் பெயரை மாற்றியதற்கே திரையில் பக்கம் மாறியது.

காரணம் இது. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. 11 பாயிண்ட் எழுத்து, அங்குலத்துக்கு 96 புள்ளி என்று விண்டோஸ் கணக்கு வைக்கும் திரையில் பதினாலே முக்கால் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. 600 புள்ளி லேசரில் அது ஏறக்குறைய 92 புள்ளி. புள்ளியைப் பாதியாக வெட்ட முடியாது. எங்கேயாவது முழு எண்ணாக்க வேண்டும். திரைக்கணக்கில் முழு எண்ணாக்கினால் வரிக்கு ஒரு அளவு வரும், லேசர் கணக்கில் இன்னொரு அளவு வரும். தாளில் சரியாக வரவேண்டுமே என்று வேர்டு பிரிண்டரிடம் எழுத்து அகலத்தைக் கேட்டு வரியை முடிவு செய்யும். அப்புறம் அதே வரிக்குள் திரை எழுத்துகளை நெருக்கியோ விலக்கியோ அடக்கும். சில சமயம் திரையில் எழுத்துகளின் இடைவெளி கோணலாகத் தெரிந்து தாளில் ஒழுங்காக வருவதற்கு இதுதான் காரணம். லிப்ரே ஆஃபிஸில் 'பிரிண்டர் அளவுகளைக் கொண்டு ஆவணத்தை வடிவமை' என்று ஒரு தனித் தேர்வே இருக்கிறது. வேண்டுமென்றால் வைக்கலாம், வேண்டாமென்றால் எடுக்கலாம்.

அண்ணாச்சி பதினாறு வயதில் ஈய எழுத்துக் கோத்தவர். நான் இதை விளக்கியபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அப்போ எழுத்துக்கு சொந்தமா அகலமே கிடையாதா?" ஈய எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கில் கோத்த வரியை மார்த்தாண்டத்தில் கட்டி நாகர்கோவிலில் அவிழ்த்தாலும் அதே வரிதான். ஈயத்துக்கு அகலம் ஒன்றே. இந்த ஊருக்கு அந்த வேலை ஒன்றும் புதிதில்லை. 1820களிலேயே லண்டன் மிஷன்காரர்களின் அச்சகம் நாகர்கோவிலில் ஓடியது.

திரை எவ்வளவு பெரியது

இடையில் ஒரு சின்ன சோதனை செய்தேன். என் லேப்டாப்பில் கீழே 100% என்று இருக்கும்போது பள்ளிக்கூட ஸ்கேலை நேராகத் திரைமேல் வைத்தேன். 13.97 செ.மீ. இருக்க வேண்டிய பக்க அகலம் 13.3க்கும் 13.4க்கும் நடுவில் நின்றது. அது 15.6 அங்குலத் திரை, 1366க்கு 768 புள்ளி. அதில் உண்மையில் அங்குலத்துக்கு 100 புள்ளி இருக்கிறது. விண்டோஸ் 96 என்று நினைத்துக்கொண்டு வரைகிறது. அதனால் 100% என்று சொல்வது என் திரையில் ஏறக்குறைய 96%தான். இன்னொருவர் திரையில் வேறு. எழுத்து சிறிதா பெரிதா என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு அந்த ஸ்கேலே போதும்.

மெல்லிய கோடும் அப்படித்தான். விளம்பரப் பக்கத்தில் கால் பாயிண்ட் தடிமனில் ஒரு கட்டம் போட்டிருந்தேன். திரையில் ஒரு புள்ளிக்குக் குறைவாக வரைய முடியாது, அதனால் அது கால் மில்லிமீட்டர் தடிமனில் நன்றாகத் தெரிந்தது. தாளில் அதன் உண்மையான தடிமன் 0.09 மி.மீ. புத்தகத்துக்குப் போடும் சாதாரண மேப்லித்தோ தாளில் அது இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. ஒரு பாயிண்ட் ஆக்கினேன். வண்ணம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எங்கள் மலர் உள்ளே கறுப்பு மட்டும் என்பதால் தப்பித்தோம்.

சரிசெய்தது

வீட்டுக்கு வந்து முதலில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி 16 பாயிண்ட்' ஆக்கினேன். இனி எழுத்துரு என்ன சொன்னாலும் பக்கத்துக்கு 31 வரிதான். தலைப்புகளுக்கு ஸ்டைல் வைத்து, கையால் தட்டிய உள்ளடக்கத்தை அழித்துவிட்டு வேர்டையே உருவாக்கச் சொன்னேன். எண்டரைப் பத்துத் தடவை அழுத்திப் புதுப் பக்கத்துக்குத் தள்ளியிருந்த ஏழு இடங்களில் பேஜ் பிரேக் போட்டேன். மாத்தூர் படத்தை வரியோடு வரியாக நிறுத்தினேன், விளக்கக் குறிப்பு அதைவிட்டுப் போகாமல் இருக்க. அப்புறம் எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎஃப் எடுத்தேன். வேர்டு கோப்பைப் போல இல்லாமல் பிடிஎஃபில் ஒவ்வொரு எழுத்தும் நிற்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். திறக்கிற கணினி மறுபடி வரி பிரிக்காது. அச்சகத்துக்கு அதைத்தான் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

பிடிஎஃப் போன பிறகும் ஒரு சறுக்கல் வந்தது. மெய்ப்பைப் பார்த்த சாருக்கு ஒரே சந்தோஷம். "எழுத்து நல்லா எடுப்பா இருக்குடே, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்" என்றார். அந்தச் சந்தோஷம்தான் எனக்கு உறுத்தியது. ஸ்கேல் வைத்தேன். 10.4 செ.மீ. இருக்க வேண்டிய வரி 14 செ.மீ. இருந்தது. ஏ4 தாளில் மெய்ப்பு எடுக்கும்போது பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருந்திருக்கிறது; டெமி பக்கத்தைத் தாள் நிறைய ஊதிவிட்டது. அவர் படித்தது கிட்டத்தட்ட 15 பாயிண்ட் எழுத்து. 'ஆக்சுவல் சைஸ்' வைத்து ஒரு பக்கத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என்னடே, சிறுத்துப் போச்சே. இதைப் படிக்கப்போறது எல்லாம் என் வயசுக்காரங்கல்லா?"

அவர் சொன்னது சரி. எழுத்தை 11.5 ஆக்கினோம். அப்படிச் செய்தால் வரி பிடிக்காது. அதனால் இரண்டு ஓரத்திலும் 2 மி.மீ. எடுத்து வரியை அகலமாக்கினோம். அப்படியும் ஒரு பக்கம் மிஞ்சியது. சார் தன் முன்னுரையில் ஒரு பத்தியையும், மாத்தூர் கட்டுரையில் மூன்று வாக்கியத்தையும் தானே சிவப்புப் பேனாவால் அடித்தார். "கட்டிமுடிக்கப்பட்டதிலிருந்து" என்பது "கட்டிய நாள் முதல்" ஆனது. எனக்கு அதுவே நல்ல தமிழாகவும் பட்டது.

புத்தகம் கட்டாகி வந்த அன்று சார் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளடக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, 22 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணைச் சரிபார்த்தார். அரை மணி நேரம் ஆனது. நான் எதிரே ஸ்கேலோடு இருந்தேன். 30 வரிக்கு 16.4 செ.மீ. பிடிஎஃப், வேர்டு கோப்பு, எழுத்துரு மூன்றையும் ஒரே பென்டிரைவில் போட்டு, எந்த வேர்டில் செய்தது, எந்த பிரிண்டர் டீஃபால்ட்டாக இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுற்றி, நூலக அலமாரியில் மலரின் முதல் பிரதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.